பானெட்டில் ஐந்து விரல்

எங்கள் பட்டறையில் எனக்கு உப்புத்தாள் என்று பெயர். வைத்தவர் முதலாளி. பதினொரு வருஷமாக உப்புத்தாளும் கையுமாக வண்டிகளைத் தேய்க்கிறேன், அதனால் அந்தப் பெயர். ராப்பகலாக உட்கார்ந்து யோசித்திருப்பார், பாவம். தேய்ப்பது நான், பட்டி வைப்பது நான், கழுவுவது நான், துடைப்பது நான். எல்லாம் முடிந்த பிறகு மாஸ்டர் வருவார். ஆணியில் தொங்கும் ஸ்ப்ரே கன்னை எடுப்பார், கால் மணி நேரம் கையை அப்படியும் இப்படியும் வீசுவார், வண்டி பளபளக்கும். "மாஸ்டர் கை பட்டாலே தனிதான்" என்று வண்டிக்காரர்கள் உருகுவார்கள். அதற்கு முன்னால் மூன்று நாள் யார் கை பட்டது என்று ஒருவரும் கேட்டதில்லை.

எனக்கு அந்தக் கன் வேண்டும். வருஷா வருஷம் கேட்பேன். "அந்தப் புகையெல்லாம் உனக்கெதுக்கும்மா?" என்பார் முதலாளி. நான் தினமும் சுவாசிக்கிற தூசி மட்டும் ஊதுபத்தி வாசனை போலிருக்கிறது.

இந்த நிலையில்தான் பல் டாக்டரம்மா தன் சின்னக் காரோடும் ஒரு பெரிய பெட்டியோடும் வந்தாள். பெட்டிக்குள் ஃபைபர் பானெட். காரோடு வந்தது இல்லை, தனியாக ஆசைப்பட்டு வாங்கியது. நடுவில் காற்று போக மூக்கு மாதிரி ஒரு புடைப்பு. பல் பிடுங்கப் போகிற காருக்கு எதற்கு இவ்வளவு மூச்சு என்று நான் கேட்கவில்லை. பெட்டியின்மேல் 'அப்படியே பெயிண்ட் அடிக்கலாம்' என்று அச்சடித்திருந்தது. அதை எழுதின புண்ணியவான் பெயிண்ட் டப்பாவை மூடியோடுகூடப் பார்த்திருக்க மாட்டான்.

டாக்டரம்மா முன்னால் முதலாளிக்குத் தாராள மனசு பொங்கிவிட்டது. "உப்புத்தாள், இதுல ஒரு குழிகூட விழாம வந்துச்சுன்னா அடுத்த வண்டிக்குக் கன் உன் கையில. விழுந்துச்சோ, இனிமே கன்னுங்கிற பேச்சையே எடுக்கக் கூடாது."

"டாக்டரம்மா, கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றேன்.

"நல்லாவே கேட்டுச்சு" என்றாள் அவள்.

வீட்டில் சொன்னேன். "அப்ப இனிமே உன்கிட்ட வாய்ச்சண்டை போட முடியாது, கன்னத் தூக்கிட்டு வருவ" என்றார் வீட்டுக்காரர். கிண்டல்தான். ஆனால் மறுநாள் காலையில் எனக்கு முன்பே எழுந்து என் முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தார். தேய்க்கிற வேலைக்கு இஸ்திரி போட்ட சட்டை! சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

முதல் நாள் பானெட்டைக் காரில் மாட்டிப் பார்த்தேன். "அடிச்சிட்டு மாட்டிக்கலாமே" என்றார் மாஸ்டர். அடித்துவிட்டு மாட்டியிருந்தால் தெரிந்திருக்கும் சேதி. இடது பக்க இடைவெளியில் விரல் போனது, வலது பக்கம் நகம்கூடப் போகவில்லை. ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, மாட்டி, கழற்றி, மறுபடி தேய்த்து, சாயங்காலம் இரண்டு பக்கமும் சமமானது. ஃபைபர் தூசி கண்ணாடித் தூள் மாதிரி. கழுத்து, முழங்கை, காது மடல் என்று ஒரு இடம் விடாமல் அரித்தது.

இரண்டாம் நாள் மெழுகு. ஃபைபர் பானெட்டை அச்சில் வார்க்கும்போது ஒட்டாமல் வர அச்சுக்கு மெழுகு தடவுவார்கள். அதில் கொஞ்சம் பானெட்டோடு வந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. அதை எடுக்காமல் தேய்த்தால் கீறல்களுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மேலே பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடித்ததும் அது ஒதுங்கி ஒதுங்கிக் குழி விழும். அதனால் ஒரு துணியால் மெழுகைக் கரைக்கிற மருந்து போட்டுத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு துணியால் எடுத்து, இரண்டையும் தூர எறிந்தேன். இப்படி மூன்று தடவை. "பச்சக் குழந்தையக்கூட இப்படித் தொடைக்க மாட்டாங்க" என்றார் மாஸ்டர். அவர் வீட்டுக் குழந்தைகள் பாவம்.

பிறகு நீளக் கட்டையில் தாளைச் சுற்றித் தேய்த்தேன். ஊசி முனை அளவு ஓட்டைகள் தெரிய ஆரம்பித்தன. மூன்றாம் நாள் காலையில் எட்டிப் பார்த்த டாக்டரம்மா குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"அய்யய்யோ, சொத்தை மாதிரி இருக்கே!"

"அதேதாங்க. நோண்டி, அடைச்சு, தேய்க்கணும்."

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே தொழில்தான்க்கா" என்றாள். பதினொரு வருஷத்தில் அந்தப் பட்டறையில் யாரும் என்னிடம் 'நாம' என்று சொன்னதில்லை.

அவள் இருக்கும்போதே பானெட்டின்மேல் ஒரு குடம் சுத்தத் தண்ணீர் ஊற்றினேன். இது என் பழக்கம். மெழுகோ எண்ணெயோ இருந்தால் தண்ணீர் முத்து முத்தாகத் திரளும். ஒரு முத்துகூட இல்லை. பாய் விரித்த மாதிரி ஒரே சீராக ஓடியது. "இப்ப சுத்தம்" என்றேன். "மத்தியானம் வரேன்" என்று அவள் நடந்தே கிளினிக்குக் கிளம்பினாள். காய வைத்து, ஓட்டைகளை நோண்டி அடைத்துத் தேய்த்து, கடைசியாக ஒருமுறை மருந்து போட்டுத் துடைத்து, "யாரும் தொடாதீங்க" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டுச் சாப்பிடப் போனேன்.

சாப்பிட்டு, கழுத்தைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் மாஸ்டர் பிரைமரை அடித்தே விட்டார். கன் ஆணியில் தொங்கியது. முதலாளி பானெட் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"வாங்க மேடம், வாங்க. உங்க லட்சணத்தப் பாருங்க."

பார்த்தேன். ஈர பிரைமர் முழுக்கக் கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு மூலையைத் தவிர. அங்கே குழி குழியாக, மீன் கண் மாதிரி முழித்துக்கொண்டிருந்தது.

"மெழுக ஒழுங்கா எடுக்கல. மூணு நாள் என்ன கிழிச்ச?" என்றார்.

"காலையில தண்ணி ஊத்திப் பார்த்தேனே! மாஸ்டர், நீங்களும் இருந்தீங்கல்ல?"

மாஸ்டருக்குத் திடீரென்று கூரையில் ஏதோ அவசரமாகத் தெரிந்தது. அண்ணாந்து பார்த்தார். அடிப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை துடைத்தீர்களா என்று கேட்டேன். "அதான் நீ துடைச்சிட்டியே" என்றார். இந்த நம்பிக்கையைப் பதினொரு வருஷத்தில் ஒரு நாளாவது எனக்குக் கன் கொடுப்பதில் காட்டியிருக்கலாம்.

இஸ்திரி போட்ட சட்டை ஞாபகம் வந்தது. போய்விடலாம் என்று திரும்பினபோதுதான் டாக்டரம்மா உள்ளே வந்தாள். நேராகப் பானெட்டிடம் போய், வாய்க்குள் பார்க்கிற மாதிரியே தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இது என்ன, கை மாதிரி இருக்கு?"

அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். நாலு விரல், தள்ளி ஒரு கட்டைவிரல், கீழே உள்ளங்கை. மோதிர விரலின் அடியில் மட்டும் குழி இல்லை. மோதிரம் இருந்த இடம். அந்தப் பட்டறையில் மோதிரம் போடுகிற விரல் ஒன்றே ஒன்றுதான்.

டாக்டரம்மா போனை எடுத்தாள். "கொஞ்சம் முன்னாடி உங்க ஃபேஸ்புக் பக்கத்துல ஒரு போட்டோ போட்டிருந்தீங்களே சார்?"

படத்தில் முதலாளி ஈயென்று இளித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் கார், நாலு டயரும் கன்னங்கரேல் என்று மின்னியது. வலது கை என் பானெட்டின் மூலையில் உரிமையோடு உட்கார்ந்திருந்தது. படத்துக்குக் கீழே 'எங்கள் கைவண்ணம்'.

"டயருக்குப் பாலீஷ் போட்டீங்களா?" என்றேன்.

"போட்டோவுக்கு எடுப்பா இருக்கட்டும்னு..." என்று மென்று முழுங்கினார்.

"கையாலயா?"

"பஞ்சு கிடைக்கல."

மூன்று தடவை மெழுகெடுத்த பானெட்டில் டயர் பாலீஷ் எண்ணெயோடு கையை வைத்தவர்தான் என்னைப் பார்த்து என்ன கிழித்தாய் என்று கேட்டார்.

"சார், கையை வச்சுக் காட்டுங்களேன், அளவு சரியா இருக்கான்னு பாப்போம்" என்றாள் டாக்டரம்மா. அவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். "சரி விடுங்க. இத மறுபடி தேய்ச்சு, அந்த அக்காவே அடிக்கட்டும். இல்லன்னா பிரைமரத் துடைச்செடுத்துட்டு பானெட்ட என் கார்ல ஏத்துங்க, நான் கிளம்புறேன்."

பிரைமர் காய்ந்தது. முதல் வேலையாக, கை வைத்த இடத்தை மருந்து போட்டுத் துடைத்தேன். பிறகு ஒரு தாளைக் கிழித்து முதலாளியிடம் நீட்டினேன். "கை வச்சவங்க தேய்க்கட்டும்." வாங்கிக்கொண்டார். அரைக்கைச் சட்டையோடு பத்து நிமிஷம் தேய்த்ததில், பிரைமருக்கு அடியிலிருந்து கிளம்பிய ஃபைபர் தூசியெல்லாம் அவர் முழங்கையில் குடியேறியது. சொறிந்துகொண்டே தேய்த்தார், தேய்த்துக்கொண்டே சொறிந்தார். விட்டால் பானெட்டில் ஜன்னலே வைத்துவிடுவார் என்று பிடுங்கி நானே முடித்தேன்.

பிறகு தண்ணீர். ஒரு முத்து இல்லை. காய்ந்ததும் மருந்து. பிறகு கன்.

நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. முதல் வீச்சு கொஞ்சம் கோணியது, ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது நேரானது. எங்கே மேடு, எங்கே பள்ளம், எங்கே சொத்தை அடைத்தேன் என்று அந்தப் பானெட்டை என் கைக்கு மனப்பாடமாகத் தெரியும். முடித்ததும் விளக்கைச் சாய்த்துப் பிடித்து ஓரம் ஓரமாகப் பார்த்தார் மாஸ்டர். ஒரு குழி இல்லை. "ம்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பட்டம்.

முதலாளி போனோடு வந்தார். கேட்காமலே இன்னொரு கையைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். கன்னோடு என்னைப் படம் பிடித்தார்.

"கீழே என்ன எழுதட்டும்?"

"என் பேர எழுதுங்க."

ஆரம்பித்தார். கட்டைவிரல் அப்படியே நின்றது. மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் மறுபடி கூரையைப் பார்த்தார்.

"அட்டெண்டன்ஸ் நோட்டுல இருக்கு" என்றேன். "கையக் கழுவிட்டுப் போய்ப் பாருங்க."