ஒரு பக்கம் மட்டும் கனம்

அக்கா வீட்டுக்காரர் மூன்றாவது முறையாக வேனைக் கொண்டுவந்து என் பட்டறைக் குழியின் மேல் நிறுத்தினார். காலையிலிருந்து குனிந்து குனிந்து எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. போதாக்குறைக்கு இவர்.

"மாப்ளே, ஸ்டியரிங் இன்னும் கல்லு மாதிரிதான் இருக்கு. அதுவும் வலப்பக்கம் திருப்பினா மட்டும்."

முதல் முறை எண்ணெயையும் பெல்ட்டையும் மாற்றினேன். அடுத்த முறை ரேக்கையே கழற்றி, எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீல் எல்லாம் புதிதாகப் போட்டேன். ரேக் என்பது பல் வெட்டிய நீளக் கம்பி. ஸ்டியரிங் தண்டின் நுனியில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் அதை இடமும் வலமும் தள்ள, வண்டிச் சக்கரம் திரும்பும். மனுஷன் தனியாகத் தள்ளினால் தோள் கழன்றுவிடும் என்று, இஞ்சின் ஓட்டும் பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்பிக் கூடவே தள்ளிக்கொடுக்கும். ஆனால் கை முதலில் கொஞ்சம் முறுக்க வேண்டும். அந்த முறுக்கில்தான் வால்வு திறந்து, கை போகும் பக்கம் எண்ணெயும் பாயும். கை சும்மா இருந்தால் எண்ணெயும் சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தொட்டிக்கே திரும்பிவிடும். ஒரு பக்கம் மட்டும் கனம் என்றால் உள்ளே சீல் போயிருக்கும் என்றுதான் எவனும் சொல்வான். நானும் அதைத்தான் நம்பினேன்.

குழிக்குள் இறங்கினேன். "இஞ்சினைப் போட்டுத் திருப்புங்க மாமா."

இடப்பக்கம் ரேக் வழுக்கிக்கொண்டு போனது. வலப்பக்கம் விக்கி விக்கி வந்தது, பாதியில் நின்றது, மறுபடி நகர்ந்தது. என் வேலைதான் சொதப்பிவிட்டது என்று நினைத்தேன். மேலே ஏறி, அவரை இறங்கச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தேன். ஒற்றை விரலால் வலம், இடம், மறுபடி வலம். வெண்ணெய் மாதிரி திரும்பியது.

வந்ததே எனக்குக் கோபம். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்! வண்டி ஓட்ட மறந்துபோச்சுன்னா சொல்லுங்க மாமா, என் உயிரை எதுக்கு வாங்குறீங்க?"

ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிக் கொடுக்கிற வாய் அவருக்கு. இன்று அது தணிந்தே வந்தது.

"இன்னொரு தடவை கழட்டிப் பாரேன், மாப்ளே." கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். வலது கை தொடையோரம் தொங்கியது. வலது பக்க நெற்றி வியர்வையை இடது கையைச் சுற்றிக் கொண்டுவந்து துடைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலது கையைக் காட்டச் சொல்லி, "என் விரலை இறுக்கிப் பிடிங்க" என்று நீட்டினேன். பிடித்தார். பிடித்துவிட்டதாக அவர்தான் நினைத்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"தூக்கம் சரியில்ல, அதான்." பிறகு குரலை இறக்கினார். "அக்காகிட்ட சீல் போச்சுன்னே சொல்லிடு. காலைல ஸ்கூல் டிரிப் இருக்கு."

சொல்லிவிடலாம்தான். ரெண்டு முறை மாற்றியவன் இன்னொரு முறையும் மாற்றலாம். அவரோடு மல்லுக்கட்டவும் எனக்குத் தெம்பில்லை. ஆனால் விடிந்தால் அந்தக் கையை நம்பித்தான் பிள்ளைகள் ஏறும். சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. குழி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இவரையா ஏசினேன் என்று எனக்கு அழுகை முட்டியது.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"மறுபடியும் வண்டிக்கு என்னடா வந்துச்சு?" என்றாள் எடுத்ததும்.

"வண்டி நல்லா இருக்குக்கா. நீ உடனே கிளம்பி வா."