யாரோ பார்க்கிறார்கள்

சுற்றுலா வீடியோவை உறவுக்காரர் யாராவது பார்க்கத் தொடங்கினால், எக்ஸ்ரே எடுப்பவள் எங்கே இருந்தாலும் அசையாமல் நின்றுவிடுவாள். வீடியோ முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். அவள் கணவன் செருப்பு அலமாரியின் மேல் சர்வர் என்று ஒரு கறுப்புப் பெட்டியை வைத்து, குடும்ப வீடியோக்களை எல்லாம் அதில் ஏற்றி, எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று சொந்தபந்தம் அத்தனைக்கும் பாஸ்வேர்டு அனுப்பிய வாரத்தில் இது ஆரம்பித்தது. டயர் கிடங்கில் மேற்பார்வை பார்ப்பவன்; அதுவரை அவனை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. இப்போது அவனையே சர்வர் என்று கூப்பிட்டார்கள். அதை அவன் பட்டமாக எடுத்துக்கொண்டான். ஹோட்டல் சர்வராவது கேட்டவருக்குத்தான் பரிமாறுவார், இவன் வேண்டாம் என்றவர்களையும் போனில் கூப்பிட்டுப் பரிமாறினான். எல்லோரும் விரும்பிப் பார்த்தது ஒன்றைத்தான்: படகிலிருந்து இறங்கும்போது அவள் சேற்றில் குப்புற விழுவது. அன்று கைகொடுக்காமல் படம் பிடித்துக்கொண்டிருந்தவன் இவன். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதில் இவனை மிஞ்ச ஆளில்லை.

ஸ்கேன் சென்டரில் அவள் "மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு நின்றுபோனாள். எங்கோ ஒரு நாத்தனார் சேற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்ன சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாத ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் மூச்சை விடாமலே மயங்கி விழுந்தார். இன்னொரு தடவை இப்படி நின்றால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். அவளுக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான். "அந்த ஒரு வீடியோவ மட்டும் எடுத்துடுங்க, வேலை போயிடும்" என்று கெஞ்சினாள். "அதத்தான் எல்லாரும் பாக்கறாங்க. எடுத்தா மாமா என்ன நினைப்பாரு? நெட் ஸ்லோவா இருக்கும், அதான் நீ நிக்கறே" என்று சொல்லி, புது ரவுட்டர் வாங்கி மாட்டினான். அதன்பிறகு படம் தடங்கலில்லாமல் ஓடியது. பார்ப்பவர்கள் கூடினார்கள், அவள் முன்னைவிட அதிக நேரம் நின்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போனை எடுத்து, "இந்தப் பெட்டி எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லுங்க, நான் படம் எடுக்கறேன்" என்றாள். இதுவரை யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. தொண்டை வறளும்வரை பேசினான். பெட்டியில் ஏற்றி எல்லோருக்கும் சொல்லியும் அனுப்பினான். ஒருவரும் திறக்கவில்லை, அதனால் அந்த வாரம் முழுக்கச் சௌக்கியமாக நடமாடினான். பிறகு அவளே திறந்தாள். பெட்டி முன்னால் கையை நீட்டியபடி, பாதி வார்த்தையில் அவன் நின்றான். அவள் சேற்று வீடியோவை அழித்தாள், அத்தனை பேரின் பாஸ்வேர்டையும் ரத்து செய்தாள், அவனுடைய வீடியோ முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். உறவுக்காரர்கள் ஓரிரு நாள் குறைபட்டுக்கொண்டு, பார்க்க வேறு ஏதோ கிடைத்ததும் மறந்தார்கள்.

மனசு கேட்காமல் ஒருமுறை வீடியோவை நிறுத்திப் பார்த்தாள். நான் எவ்வளவு நாளாக நிற்கிறேன் என்றோ, நீ எப்படி இருக்கிறாய் என்றோ அவன் கேட்கவில்லை. பாதியில் விட்ட வார்த்தையை முடித்து, பாஸ்வேர்டை அடிக்கடி மாற்ற வேண்டியதன் அவசியத்தை விளக்கத் தொடங்கினான். மறுபடி போட்டுவிட்டாள். கரண்ட் போனாலும் பெட்டி நிற்காமலிருக்க பேட்டரி வாங்கி வைத்திருக்கிறாள். மழை நாளில் வருகிறவர்கள் குடையை அவன் கையில் மாட்டிவிட்டு உள்ளே போகிறார்கள்.