சாக்குக் கழிவு

கோகுல்ராஜ் எடையில் பொய் சொல்கிறான் என்று பிரசாந்த் முடிவுகட்டியது போன மழைக்காலத்தில். ஆதாரம் என்று எதுவும் இல்லை. தொப்பை இருந்தது, அது போதாதா?

வாசலைத் தாண்டினால் மலை. அதை விட்டுவிட்டு, போளூரில் தன் அப்பாவின் பூண்டுக் கிடங்குக்குள் நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தான் பிரசாந்த். ஊர் சிரித்தது. பனிமூட்டத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றுலா வேன்கள் என்ன பாடு படுத்தும் என்பது சிரித்தவர்களுக்கும் தெரியும்தான். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மிஷினில் மாட்டிய சைக்கிள், எதிரே ஒரு திரை. திரையில் யாரோ வரைந்த மலைப்பாதையில் அவனுக்குப் பதிலாக ஒரு பொம்மை ஓட்டும். காலின் பலத்தை மிஷினே அளந்துகொள்ளும். ஆளின் எடையை மட்டும் நாமாகச் சொல்ல வேண்டும். இரண்டையும் வைத்துத்தான் பொம்மையின் வேகம். சமதளத்தில் பலசாலி பறப்பான், கனத்த உடம்பு பெரிதாகத் தடுக்காது. மேடு வந்தால் ஒவ்வொரு கிலோவும் பின்னால் பிடித்து இழுக்கும். ஆக, எடையைக் குறைத்துச் சொன்னவன் சும்மாவே மேடேறுவான்.

இந்தத் திரை ஓட்டத்தின் மாநிலப் போட்டிக்கு இந்த மலையிலிருந்து ஒரே ஒருவர்தான் போகலாம். பிரசாந்துக்கு இந்த வருடத்தோடு வயது வரம்பு முடிகிறது. முதலிடத்தில் கோகுல்ராஜ், மயிரிழையில் இரண்டாவதாக இவன். தினமும் காலையில் கிடங்கின் இரும்புத் தராசில் ஏறி நின்று, அறுபத்தொரு கிலோ என்று பார்த்துப் பதிந்து, உயிரைக் கொடுத்து மிதிப்பவன் இரண்டாவது. அட்டுவம்பட்டியில் ஹோம்ஸ்டே நடத்திக்கொண்டு, வருகிறவர்களோடு உட்கார்ந்து வெண்ணெய் தடவிய ரொட்டி தின்கிறவன் முதலாவது. வயிறு எரியாதா?

கோகுல்ராஜின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கழுத்துச் சதையை ஆராய்ந்தான். "எழுபத்தெட்டாம்! எந்தக் காலத்து எழுபத்தெட்டு?" என்று மனைவி பிரியாவிடம் பொருமினான்.

"அவுக தொப்பைய விடுங்க. உங்க பேன்ட்டுக்கே நேத்து பட்டன் தெறிச்சிருச்சு. அதப் பாருங்க மொதல்ல" என்றாள் அவள். துணி வெளுத்துச் சுருங்கிவிட்டது என்று சொல்லிவிட்டான்.

ஒருநாள் ஒரு பை பூண்டைத் தூக்கிக்கொண்டு கோகுல்ராஜ் வீட்டுக்கே போனான். "அண்ணே, வாங்க வாங்க" என்று அவன் காப்பி போடப் போன நேரத்தில், கை கழுவும் சாக்கில் குளியலறைக்குள் நுழைந்து பார்த்தான். மூலையில் எடை மிஷின் கிடந்தது. மேலே ஒரு விரற்கடைத் தூசி. மாதக்கணக்கில் எவனும் அதில் ஏறவில்லை! காப்பியை அவசரமாகக் குடித்துவிட்டுக் கிளம்பியவன், நேரே சைக்கிள் கிளப் நடத்தும் ஷர்மிளாவிடம் போய் நின்றான்.

"பேர் அனுப்புறதுக்கு முன்னாடி எல்லார் எடையையும் எல்லார் முன்னாலயும் பாத்துரணும் மேடம். நான் யாரையும் சொல்லலங்க. பொதுவாச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை கிளப் அறையில் எல்லோரும் கூடினார்கள். சொன்னதைவிட ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பெயர் நீக்கம் என்று ஷர்மிளா அறிவித்தார். கோகுல்ராஜ் ஏறினான். பிரசாந்த் கழுத்தை நீட்டினான். எழுபத்தேழரை. சொன்னதைவிட அரைக் கிலோ குறைவு. அவன் கூச்சத்தோடு சிரித்தபடி இறங்கினான்.

அடுத்தது பிரசாந்த். அறுபத்து நான்கு.

"மிஷின் கோளாறுங்க மேடம்."

ஷர்மிளா பத்துக் கிலோ இரும்பு ஒன்றைத் தூக்கி வைத்தார். பத்து என்றே காட்டியது.

"சத்தியமா அறுபத்தொண்ணுதாங்க. இன்னைக்கு வெள்ளனே கூட எங்க கிடங்குத் தராசுல..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். அந்த நட்டு நினைவுக்கு வந்துவிட்டது.

எடைக்கல் தொங்கும் முனையில் அவன் அப்பா சின்னக்கருப்பன் கம்பியால் கட்டிவைத்த சின்ன நட்டு. சாக்குக்கும் பூண்டில் ஒட்டிய மண்ணுக்கும் சேர்த்து மூட்டைக்கு மூன்று கிலோ கழிவு. ஒவ்வொரு மூட்டைக்கும் உட்கார்ந்து கழிக்கிற சோலி வேண்டாமென்று தராசையே கழிக்க வைத்துவிட்டார். பூண்டு கொண்டுவருகிற எல்லோருக்கும் தெரியும். இதில் ஒளிவுமறைவே இல்லை.

தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தான். பூண்டு வியாபாரி மகனுக்குத் தன் வீட்டுத் தராசு தெரியாதாம் என்று அறையிலிருந்த முகங்களில் எழுதி ஒட்டியிருந்தது. ஷர்மிளா அவன் பெயரை எடுத்துவிட்டார். வெளியே வந்தபோது கோகுல்ராஜ் மட்டும் பின்னாலேயே ஓடிவந்தான்.

"மனசுல வச்சுக்காதீங்கண்ணே. தெரிஞ்சு செய்யிற ஆளா நீங்க? நான் நம்புறேன்."

பிரசாந்துக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. விடுவிடுவென்று போய் பஸ் ஏறினான்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் சின்னக்கருப்பன் வாய்விட்டுச் சிரித்தார். "ஏலே, நீ பொறக்கதுக்கு முன்னாடியே அந்த நட்டு அங்கதானலே கெடக்கு. நீயென்ன பூண்டு மூட்டையா, அப்படியே ஏறி நிக்க?"

கிடங்குக்குள் போய்க் கம்பியை முறுக்கி நட்டைக் கழற்றிவிட்டு ஏறினான். அறுபத்து நான்கு. இத்தனை மாதமும் மேடுகளில் தான் முந்தியவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மறந்துதான் போய்விட்டேன், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நட்டைப் பார்த்தான். இத்தனை வருடத்துக் கிடங்குத் தூசியில் கம்பி கறுத்துக் கிடந்தது. நட்டின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது.

தினமும் காலையில் தராசில் ஏறியதும், முள் ஆடாமல் நிற்பதற்காக இரண்டு விரலால் அந்த நட்டைப் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் அவன் எடை பார்ப்பான்.

கோகுல்ராஜ் அவனை நம்பிவிட்டான். பிரசாந்தால்தான் தன்னை நம்ப முடியவில்லை.