பெர்சி கார்சைடின் ஒரே ட்ரை

பன்னிரண்டு வருடம் ரக்பி லீக் ஆடினேன். ஒரு ட்ரை கூடப் போட்டதில்லை. எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை, அவ்வளவுதான். எங்கள் தெருப் பூனையை இறக்கியிருந்தால் அதுகூட ஏதோ ஒரு வருடம் போட்டிருக்கும். கேட்டால், "நான் முன்வரிசை ஆள், முட்டித் தள்ளுவதுதான் என் வேலை" என்பேன். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு.

1934 ஏப்ரலில் என் கடைசி ஆட்டம். காலையில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை முடித்து, முதுகுக் கரி போகாமலே கிளம்பினேன்.

"இன்னிக்காவது ஒண்ணு போடுவியா? இல்ல, கல்லறையில 'நல்லாத் தள்ளினான்'னு மட்டும் பொறிச்சிடவா?" என்றாள் என் மனைவி ஹில்டா. ஒருநாளும் மைதானத்துக்கு வராதவள் அன்று வந்தாள். எனக்கு அந்த ஒன்று வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காக ஜெபம்கூடப் பண்ணினேன்.

ஆட்டம் தொடங்கி அரை மணியில் என் முழங்கால் போயிற்று. அடிபட்டவனுக்குப் பதில் ஆள் இறக்க விதி கிடையாது. ஓரத்தில் ஓடும் சிரில் ஹோய்லை உள்ளே இழுத்துக்கொண்டு, அவன் இடத்தில் என்னை நட்டார்கள். எதிரே பார்த்தால் சேத் அக்ராய்ட்! பத்து வருடமாக முட்டித் தள்ளும்போதெல்லாம் தலையால் என் காதைத் தேய்த்த எதிரணி முன்வரிசைக்காரன். தோள்மூட்டு நழுவிவிட்டதால் அவனையும் ஓரங்கட்டியிருந்தார்கள்.

"என்னடா பெர்சி, கடைசியில நம்மளையும் ஓட்டக்காரனுங்க ஆக்கிட்டானுங்களே!"

யாரோ உதைத்த பந்து சேற்றில் எங்கள் பக்கம் உருண்டது. எனக்குக் கை இருந்தது, கால் இல்லை. அவனுக்குக் கால் இருந்தது, கை இல்லை. முந்திப்போன சேத் ஒற்றைக் கையால் அள்ளினான். பந்து வழுக்கி அவர்கள் கோட்டுக்கு அப்பால் போய் நின்றது. மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, நான் நொண்டி நொண்டிப் போய் அதன்மேல் விழுந்தேன். ட்ரை! சேற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் பத்திரிகையைப் பிரித்தேன். 'சிரில் ஹோய்ல் அபார ஓட்டம், அற்புத ட்ரை.' சேறு அப்பியதில் என் முதுகு எண் நிருபருக்குத் தெரியவில்லை. ஓரத்தில் ஓடியவன் சிரில்தான் என்று முடிவு கட்டிவிட்டான். கிளப் பதிவேட்டிலும் அப்படியே ஏறியது. என் பெயருக்கு நேரே இன்றைக்கும் பூஜ்யம்தான்.

அன்றைக்கு அந்தப் பத்திரிகையை ஹில்டாவிடம் நீட்டினேன். படித்துவிட்டு என் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க உட்கார்ந்தாள்.

"எழுதினவன் கெடக்கான், குருட்டுப் பய. என் புருஷன் வாத்து மாதிரி ஓடினத நான் பாத்தேன்யா. சிரில் தலைகீழா நின்னாலும் அப்படி ஓட வராது" என்றாள்.