ஐந்து பரவாயில்லை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்று மருத்துவமனை ஹெச்.ஆர். அதிகாரி ஐந்து தாள்களை மேஜையில் பரப்பியபோது இரண்டு காதும் பற்றிக்கொண்டன.

சலவைப் பிரிவில் நாங்கள் ஐந்து பெண்கள். நான்தான் பொறுப்பாளர். "வேலை செய்யும் இடத்தில் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டு ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். மகிழ்ச்சி, பரவாயில்லை, மகிழ்ச்சியில்லை என்று மூன்று கட்டங்கள். ஐந்து பேரும் பேசி வைத்ததுபோல நடுக்கட்டத்தில் டிக் அடித்திருந்தோம். நான் உட்பட.

மகிழ்ச்சி குறைந்த பிரிவுகளைக் கலைத்து, ஆட்களை வேறு வேறு கட்டடங்களுக்கு மாற்றப் போகிறார்களாம். அப்போதுதான் புத்துணர்ச்சி வருமாம். அதிகாரிக்கு என் தம்பி வயதுதான் இருக்கும், தன்மையாகத்தான் பேசினார்.

"தொண்ணூறு சதவீதம் வேணும்க்கா. உங்கள்ல ஒருத்தர் குறைஞ்சாலும் எண்பதுதான். மூணு மணிக்குப் பட்டியல் மேல போகுது. அதுக்குள்ள புதுசா எழுதிக் கொடுங்க, மாத்திடறேன்."

மணி இரண்டே கால். வெற்றுத் தாள்களைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

மருமகள் எப்படி என்று யாராவது கேட்டால் பரவாயில்லை என்போம். தங்கமானவள் என்று அர்த்தம். சந்தோஷமாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக் கண் பட வைத்துக்கொள்ள எங்களுக்கென்ன பைத்தியமா? படிவம் போட்ட புண்ணியவானுக்கு இதை யார் சொல்வது?

எனக்குப் பயமெல்லாம் அண்ணியை நினைத்துத்தான். அண்ணியும் எங்களில் ஒருத்தி. மூன்று வருடத்துக்கு முன்னால் என் அண்ணன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தினமும் மத்தியானம் அண்ணி ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய் அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, சாப்பாடு கொடுத்துவிட்டு வருவார். அவர் பங்கு விரிப்புகளை நாங்கள் நால்வரும் மடித்து வைத்துவிடுவோம். மேலே யாருக்கும் தெரியாது. வேறு கட்டடத்தில் இதெல்லாம் நடக்குமா? அண்ணி வேலையை விட வேண்டியதுதான். அப்புறம் அந்த வீடு எப்படி நடக்கும்?

விஷயத்தைச் சொன்னதும் நானும் மற்ற மூவரும் மகிழ்ச்சிக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டோம். எங்கள் வாயாடி மட்டும், கல்யாணத்தன்றைக்குக்கூடத் தன்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றாள். அண்ணி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் மாட்டேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு கோடு கிழிக்க உங்களுக்கு எங்க வலிக்குது அண்ணி? உங்களுக்காகத்தான நாங்க நாயா அலையறோம்?"

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்குக் காலையில உன்கிட்டதான் சொன்னேன். எனக்கு ஒரு குறையும் இல்ல, சந்தோஷமா இருக்கேன்னு. மத்தியானம் அவர் விழுந்துட்டார்னு ஃபோன் வந்துச்சு."

காது ஜில்லென்று ஆகிவிட்டது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது அண்ணி என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னவள் நான்தான். சொன்ன கையோடு மறந்தும் போனேன். அவர் மூன்று வருடமாக அதைச் சுமந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது.

இரண்டு நாற்பது. நானே போட்டுவிடுகிறேன், பொய்தானே, சாமி குத்தமா என்று பேனாவை எடுத்தேன். அண்ணி என் கையைத் தடுத்தார். நாங்கள் அன்று மத்தியானம் மடித்து வைத்த அவருடைய அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு பேர் கை பட்டது, ஒரு விரிப்பின் ஓரமும் இன்னொன்றோடு சேராமல் கோணலாக நின்றது.

"பொய் இல்லையேன்னுதான் பயமா இருக்கு," என்றார்.

பேனாவை வாங்கி, முதல் கட்டத்தில் டிக் அடித்தார். வாயாடி ஐந்து தாள்களையும் அள்ளிக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

"வீட்டுக்கு ஃபோன் போடு," என்றார் அண்ணி.

போட்டேன். அண்ணனின் தலைமாட்டிலேயே ஃபோன் இருக்கும். இரண்டாவது மணியில் எடுத்துவிடுவார். அன்று முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. அண்ணியின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின. வலித்தது. நான்தான் கட்டாயப்படுத்தினேன், ஏதாவது ஆகியிருந்தால் நான் எந்த முகத்தோடு அந்த வீட்டுப் படி ஏறுவேன்?

வாயாடி மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். இரண்டு ஐம்பத்தெட்டுக்குக் கொடுத்துவிட்டாளாம், பிரிவு தப்பித்ததாம். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

நான்காவது முறை எடுத்தார். தூங்கிவிட்டாராம். ஃபோன் தலையணைக்கு அடியில் போய்விட்டதாம். ஸ்பீக்கரில் போட்டு அண்ணியிடம் நீட்டினேன். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எப்படி இருக்கீங்க?" என்றார் கடைசியில்.

இந்த நேரத்தில் இதென்ன கேள்வி என்று அண்ணன் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

"பரவாயில்லையே," என்றார்.

அண்ணி அந்தக் கோணல் அடுக்கின் மேலேயே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.