தரிசில் புதைந்த கால்

மிளகாய் அக்காவுக்குக் கோபம் வந்தால் எதிர்வீட்டுப் பூனைகூடச் சுவர் மாறி உட்காரும். அன்று வந்தது அந்த மாதிரிச் சில்லறைக் கோபமில்லை.

ஆறு வளையும் இடத்தில் வண்டல் சேர்ந்த மாவட்டம் அது. வருஷத்துக்கு மூன்று போகம். அங்கிருந்து லாரி கிளம்பாவிட்டால் பாதி நாட்டில் உலை ஏறாது. அப்பேர்ப்பட்ட மண்ணில் அவளுடைய இரண்டு ஏக்கரை மட்டும் 'தரிசு' என்று எழுதி நோட்டீஸ் வந்திருந்தது. விளையாத நிலமாம். கிடங்கு கட்ட அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொள்வார்களாம்.

அறுவடை முடிந்தால் அங்கே வயலை இருபது நாள் காயப்போடுவார்கள். மண் பாளம் பாளமாக வெடித்தால்தான் அடுத்த நடவு பிடிக்கும். அந்த வெடிப்பைத்தான் சர்வேயரைக் கூட்டிவந்து படம் பிடிக்க வைத்திருந்தார் ஒரு புண்ணியவான். வேறு யார், அவளுடைய கொழுந்தன்தான். நிலத் தரகர். அண்ணன் செத்த வீட்டில் அவர் அழுததைவிட அளந்ததுதான் அதிகம் என்று தெருவே சொல்லும், நமக்கேன் வம்பு. பத்தே நாளில் நோட்டீஸ்! அந்த ஆபீசில் வேறெந்தக் காகிதமும் அப்படி ஓடியதில்லை.

அக்கா ஆபீசுக்குப் போனபோது கொழுந்தன் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"போட்டோவுல வெடிப்பு தெரியுதேம்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்றார் சர்வேயர்.

"தூங்குறவனை போட்டோ எடுத்துட்டு செத்துட்டான்னு எழுதுவீங்களா?"

"அண்ணி, எதுக்கு வீண் அலைச்சல்?"

"நீ டீயைக் குடிப்பா. ஆறிடப் போவுது."

அக்கா நீட்டிய ஆட்சேப மனுவைப் பார்த்த சர்வேயர், வியாழக்கிழமை நேரில் வருவதாகச் சொல்லித் தப்பித்தார்.

இருபது நாள் செவ்வாயோடு முடிந்தது. புதன் விடிந்ததும் அக்கா மடையைத் திறந்தாள். வியாழன் காலையில் டிராக்டர் விட்டு உழுதாள். இருவரும் வந்தபோது வயல் கூழாகக் கிடந்தது.

"தண்ணி ஊத்தினா ரோடுகூடச் சேறாகும் சார்," என்றார் கொழுந்தன் வரப்பிலிருந்து.

"வரப்புல நின்னா வரப்புதான் தெரியும். இறங்கிப் பாருங்க சார்."

மானப் பிரச்சினையாகிவிட்டது. ஷூவோடு இறங்கினார் சர்வேயர். நாலாவது அடியில் முழங்கால் வரை போய்விட்டது. கைகொடுக்கப் பாய்ந்த கொழுந்தன் இன்னும் ஆழமாகப் போனார்.

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சர்வேயர் வரப்பில் வைத்திருந்த ஃபைலை எடுத்துக்கொண்டு பழகிய காலோடு இறங்கி, அவர்கள் எதிரில் நின்றாள்.

"அடியில கல்லு தட்டுதா சார்?"

"இல்லம்மா. கையைக் குடும்மா."

"இருபத்தேழு வருஷமா இந்தச் சேத்துலதான் என் ஆயுசு போச்சு. இதுவா தரிசு? முதல்ல எழுதுங்க. அப்புறம் கை."

ஃபைலை நீட்டினாள். பேனாவையும். அவர் 'நன்செய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் ஒரே இழுப்பில் வரப்பேற்றினாள். ஒரு ஷூ மட்டும் வரவில்லை.

"அண்ணி, நானு?"

"உனக்கென்னப்பா, தரிசுதானே? நடந்து வா."