வலது காதுக்கு வந்த வயலின்

கோப்பாய்க் கேதீஸ்வரனுக்கு இடது காது கேளாமல் போய்ப் பல வருடங்கள். ஹெட்போனில் பாட்டுப் பாதிதான் வரும். அதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை.

மனைவி உதயகலா உள்ளங்கையளவு கணினிப் பலகையின் மேல் ஒலிப்பலகை ஒன்றைப் பொருத்தி, இணையத்திலிருந்து பாட்டு எடுக்கும் பெட்டியொன்றைச் செய்து முடித்திருந்தாள்.

"ஹெட்போனைப் போட்டுக் கேளுங்கோ."

பழகிய பாட்டுத்தான். ஆனால் குரலோடு கூடவே ஒரு வயலின் வந்தது. அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"இதென்ன வயலின்? இவ்வளவு நாளும் கேக்கேல்லையே!"

"அது இடது பக்கத்திலை வாறது. ரெண்டு பக்கத்தையும் ஒண்டாக்கி வலது காதுக்கு விட்டிருக்கிறன்."

"நான் உமக்குச் சொல்லேல்லையே?"

"எங்கை போனாலும் என்ரை இடப்பக்கமா வந்துதானே நடக்கிறியள்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொருக்காப் போடும்," என்றார்.